பூஜைக்கு வைத்த ஸ்பேனர்

தம்பிகளே, ஜீப்பின் முன்சக்கரம் ஆடுகிறது என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் நீங்கள் முதலில் தேடுவது ஜாக்கியை. வாரம் இரண்டு நாள் டீ குடிக்கிற சாக்கில் உங்கள் பட்டறைப் பக்கம் வந்து உட்காருகிறேனே, அதெல்லாம் என் கண்ணில் படாமலா போகும்? வண்டியைத் தூக்கி, சக்கரத்தை அந்தரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். மறுவாரம் அதே வண்டி அதே ஆட்டத்தோடு வந்து நிற்கிறது. நான் வாயைத் திறக்காமல் டீயைக் குடிக்கிறேன். ரிடையரானவன் அடுத்தவன் பட்டறையில் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

அதனால் எழுதுகிறேன். முப்பத்தைந்து வருஷம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சம்பாதித்தவன் நான். என் கை பட்ட ஸ்டியரிங் எதுவும் ரோட்டில் கழன்றது கிடையாது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் ஒரே ஒரு தடவை கழல இருந்தது. அந்தக் கதையை இதுவரை பட்டறையில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் பட்டறை மயிலாப்பூரில், குளத்திலிருந்து மந்தைவெளிக்குப் போகிற வழியில் இருந்தது. முதலாளி திருநெல்வேலிச் சீமைக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் தியாகராய நகரில் ஜவுளிக்கடை நடத்த, இவர் ஒருவர் மட்டும் மோட்டார் மேல் ஆசைப்பட்டுப் பட்டறை போட்டுவிட்டார். ஸ்பேனருக்கும் குறடுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆளைப் பார்த்தால் எடை போட்டுவிடுவார். எனக்கு ஜோடியாக ஒரு பாய் இருந்தார். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், பாய் என்றே இருக்கட்டும். என்னைவிட ஆறு மாதம் மூத்தவர். எங்கள் இரண்டு பேரில் யார் பெரிய மெக்கானிக் என்பதில் தினமும் சண்டை. சாப்பாடு மட்டும் ஒரே இடத்தில்.

அபிராமபுரத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். நாற்பது வயசிருக்கும். மிலிட்டரியில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வாங்கித் தானே ஓட்டுவார். பருத்திப் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக அவர் கியர் மாற்றுகிற அழகை ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஜீப் எதற்கென்றால், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரக் குப்பங்களுக்குப் போய் வைத்தியம் பார்ப்பார். அந்தக் காலத்தில் திருவான்மியூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ரோடு தீர்ந்துவிடும். அப்புறம் மணல்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைத் தவிர வேறெதுவும் உள்ளே போகாது.

அந்த ஜீப்புக்கு வேகமெடுத்தால் முன்சக்கரம் உதறல். வேறு ஒரு பட்டறையில் டயரை மாற்றினார்கள், அலைன்மெண்ட் பார்த்தார்கள், ஜாக்கி போட்டுச் சுற்றினார்கள். உதறல் போகவில்லை. எங்களிடம் வந்தது. நான் ஜாக்கியைத் தொடவே இல்லை. நாலு சக்கரமும் தரையில் இருக்க, அடியில் படுத்து, இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற ராடின் முனையில் இருக்கிற பால் ஜாயிண்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். மேலே பாய் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தார். ராடு நகர்ந்தது, சக்கரம் நகரவில்லை. நடுவில் என் கைக்குள் ஒரு சின்ன 'டக்'. கிண்ணத்துக்குள் குண்டு தேய்ந்து போயிருந்தது. வண்டியைத் தூக்கினால் சக்கரம் லேசாகிவிடும், அந்த 'டக்' ஒளிந்துகொள்ளும். பாரம் இருக்கும்போதுதான் தேய்மானம் பேசும். இது ஒன்றுதான் இந்தக் கட்டுரையில் உங்களுக்கு இலவசம்.

புது ஜாயிண்ட் கேட்ட உடனே கிடைக்கிற காலமில்லை அது. மவுண்ட் ரோடில் கடை கடையாக ஏறி இறங்கி மூன்றாம் நாள் காலையில் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் ஆயுத பூஜை.

ஆயுத பூஜையன்று எங்கள் பட்டறை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். காலையிலேயே கருவிகள் அத்தனையும் கிருஷ்ணாயிலில் ஊறி, சோப்புத் தண்ணீரில் குளித்து, துடைத்து, மணைப் பலகையில் வரிசையாக உட்கார்ந்துவிடும். சந்தனம், குங்குமம், பூ. பாயும் வருஷா வருஷம் தன் பெட்டியைத் தானே கழுவிக் கொண்டுவந்து அந்த வரிசையில் வைப்பார். பட்டறைத் தொட்டியில் நாங்களும் குளித்து, காக்கியைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டைக்கு மாறுவோம். பூஜை முடிந்த பிறகு, மறுநாள் காலை முதலாளி சூடம் காட்டி எடுத்துக் கொடுக்கிறவரை ஒருத்தரும் ஒரு கருவியையும் தொடக் கூடாது. முந்தின வருஷம் ஒருவர் பட்டறை வாசலிலேயே கார் நின்றுபோய் வந்து கெஞ்சினார். முதலாளி அவருக்குப் பொரி கொடுத்தார், காப்பி கொடுத்தார், வீட்டுக்குப் போக ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்தார். ஸ்பேனர் கொடுக்கவில்லை.

அன்று காலை நான் ஜீப்புக்கு அடியில் இருந்தேன். பழைய ஜாயிண்டைத் தட்டி எடுத்துவிட்டு, புதுசை மாட்டி, நட்டைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்திருந்தேன். இறுதியாக இறுக்கி, நட்டின் தலையில் இருக்கிற பள்ளத்தின் வழியாக ஸ்பிளிட் பின்னைச் செருகி மடக்கினால் வேலை முடிந்தது. அந்தப் பின்னை ஸ்டோரிலிருந்து வாங்கி என் காக்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஃபோர்மேன் சத்தம் போட்டார்.

"யோவ், நல்ல நேரம் போவுது! கையில இன்னா கீதோ எல்லாம் கொண்டாந்து தொட்டியில போடு!"

ஸ்பேனரைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டேன். வரிசையில் நின்று குளித்தேன். காக்கியைச் சுருட்டி மூலையில் வைத்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கை எண்ணெய் போகத் தேய்த்துக் கழுவியபோது, தலைக்குள் இருந்த அரை வேலையும் சேர்ந்து போய்விட்டது. உங்களிடம் சமாதானம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பதினொரு மணிக்குப் பூஜை. டாக்டரம்மா காலையிலேயே வீட்டிலிருந்து வந்து, ஜீப்பை எடுத்துக்கொண்டு போகக் காத்திருந்தார். ஜீப்புக்கும் மாலை போட்டார்கள், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி வெளியே போனது. உதறல் இல்லாமல் போகிறதே என்று நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு பார்த்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, வாயில் பொரிகடலையோடு, வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கலாம் என்று காக்கிச் சட்டையை எடுத்தேன். பையில் ஏதோ குத்தியது. விரலை விட்டுப் பார்த்தேன். ஸ்பிளிட் பின்.

அந்த வாய்ப் பொரியை மென்று முடிக்கிற நேரத்தில் எனக்குள் என்னென்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். யாருக்கும் தெரியாது. நட்டை ஒரு இழுப்பு இழுத்துத்தானே இருக்கிறோம். அடுத்த வாரம் ஆயில் மாற்ற வரச் சொல்லிவிட்டு அப்போது பின்னைப் போட்டுவிடலாம். அதுவரை ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு குரல் எனக்குள்ளேயே, என் குரலிலேயே பேசியது. வெட்கமாகத்தான் இருக்கிறது. பொரியைத் துப்பிவிட்டு, எல்லாரும் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்து போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

"மொதலாளி, டாக்டரம்மா வண்டியில பின்னு போடல. நானு மறந்துட்டேன்."

முதலாளி சந்தனம் பூசிய வெற்று மார்போடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பொரித் தட்டைக் கீழே வைத்தார்.

"பின்னு இல்லைன்னா என்னவே ஆவும்?"

"நட்டு களண்டுக்கினே வரும் மொதலாளி. களண்டுச்சுன்னா ஸ்டியரிங் சொல்றத சக்கரம் கேக்காது."

முதலாளி எழுந்து போய் டெலிபோன் பூட்டைத் திறந்து, டாக்டரம்மா வீட்டுக்குப் போட்டு, என் கையில் கொடுத்தார். அவருடைய வீட்டுக்காரர் எடுத்தார்.

"அவ ஆத்துக்கு வரலையே. வண்டிய எடுத்துண்டு நேரா குப்பத்துக்குப் போறேன்னு சொல்லிண்டு கார்த்தாலயே கெளம்பினா. யாரோ பிரசவ வலின்னு ஆள் வந்தது. ஏன், என்ன விஷயம்?"

வண்டியில் ஒரு சின்ன வேலை பாக்கி என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த மனுஷனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இப்போது ஸ்பேனர் வேண்டும். யோசித்துப் பாருங்கள், ஆயுத பூஜையன்று மெட்ராஸ் பூராவும் ஒரு பட்டறையில், ஒரு சைக்கிள் கடையில், ஒரு பெட்ரோல் பங்கில்கூட வெளியே கிடக்கிற ஸ்பேனர் கிடையாது. எல்லாம் பூஜையில் இருக்கிறது. பாயைப் பார்த்தேன். பாய் கையை விரித்தார்.

"எம் பெட்டியும் அங்கதான் நைனா கீது."

ஃபோர்மேன் முந்திக்கொண்டார். "மொதலாளி, பூஜையில வெச்சத எடுக்கக் கூடாது. வருஷம் பூரா பட்டறைக்கு ஆவாது."

முதலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மணைப் பலகை முன்னால் போய் நின்றார். ஒரு கும்பிடு போட்டார்.

"அந்தம்மா வண்டியவும் பூஜையிலதானவே வெச்சோம்?" என்று ஃபோர்மேனைப் பார்த்துச் சொன்னார். முதலாளி குனிந்து, இருக்கிறதிலேயே பெரிய பைப் ரெஞ்சைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"அது இல்ல மொதலாளி."

"எதுன்னு எனக்கா தெரியும்? எல்லாத்தையும் அள்ளுவே! அங்கன போயி ஒண்ணு கொறையுதுன்னு முளிச்சிக்கிட்டு நிக்காத."

குங்குமமும் பூவுமாக அள்ளிப் பையில் போட்டேன். முதலாளியின் ஸ்கூட்டருக்கும் மாலை போட்டிருந்தது. அதைக் கழற்ற நேரமில்லை. பாய் ஓட்ட, நான் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு ரோட்டில் எல்லா வண்டியும் வாழைக்கன்றும் மாலையுமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துப் பூஜைக்குக் கிளம்பின மாப்பிள்ளைகள் என்று நினைத்து ரெண்டு பேர் கை காட்டினார்கள். ஜீப் எங்காவது கவிழ்ந்து கிடக்கிறதா என்று கண்ணை ரோட்டு ஓரத்திலேயே வைத்திருந்தேன்.

அடையாறு பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டம். நடு ரோட்டில் ஆட்கள் வட்டமாக நிற்கிறார்கள். "பாய், நிறுத்து, நிறுத்து" என்று அவர் முதுகில் அடித்தேன். பாய் பிரேக்கை அழுத்தினார். ஸ்கூட்டர் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்ச் சாய்ந்தது. எழுந்து பார்த்தால் என் வெள்ளைச் சட்டை பூராவும் சிவப்பு. ரத்தம் என்று நினைத்தேன். பூசணிக்காய். லாரி ஒன்றுக்குத் திருஷ்டி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் உடைத்த காய்மேல்தான் நாங்கள் ஏறியிருக்கிறோம். கூட்டத்துக்கு நடுவில் ஜீப் இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். பாய் கால்சட்டையைத் தூக்கிக் கிழிந்த முட்டியைப் பார்த்தார்.

"நீ ஒரு பின்ன மறந்தே. எம் முட்டி போச்சு. ஏறு நைனா, ஏறு."

திருவான்மியூரைத் தாண்டி, ரோடு தீர்ந்த இடத்தில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு மணலில் ஓடினோம். ஜீப்பின் தடம் தெரிந்தது. இரண்டு கோடும் நேராக, ஒன்றுக்கொன்று விலகாமல் போயிருந்தது. அதுவரை பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. அப்புறம் சவுக்குத் தோப்பு, உலர்த்திப் போட்ட வலைகள், குடிசைகள். ஒரு குடிசை வாசலில் மாலையோடு ஜீப் நின்றது. நான் அடியில் புகுந்தேன்.

நட்டு முனைக்கு வந்துவிட்டிருந்தது. திருகில் இரண்டே மரை பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு மரையையும் இன்றைக்குக்கூட என்னால் எண்ணிக் காட்ட முடியும்.

வெளியே வந்தபோது டாக்டரம்மா குடிசையிலிருந்து வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"ஏழுமலை? நீ இங்க என்ன பண்றே? சட்டையெல்லாம் என்ன இது?"

சொன்னேன். பின் போடவில்லை, மறந்தது நான்தான், நட்டு இரண்டு மரையில் நிற்கிறது. ஒன்றையும் விடவில்லை. அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு அதற்கு நேரமில்லை.

"உள்ள ஒரு பொண்ணு. கொழந்தை குறுக்க கெடக்கு. ஆபரேஷன்தான் பண்ணணும், இங்க வெச்சுண்டு ஒண்ணும் பண்ண முடியாது. இந்த மணல்ல இதை விட்டா வேற வண்டி இல்லை. எத்தனை நேரம் ஆகும் உனக்கு?"

"பத்து நிமிஷம்மா."

"அஞ்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் புருஷன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். என் வயசு இருக்கும். "இன்னாண்ணா, வண்டி போவுமா, போவாதா?" என்று கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் ஜீப்புக்கு அடியில் போனேன்.

பாய் பக்கத்தில் குனிந்தார். "டைட் பண்ணி பின்ன செருவு நைனா. போய்க்கினே இருக்கட்டும்."

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டும். இறுக்கிப் பின்னைப் போட்டால் என் தப்பு சரியாகிவிடும். இரண்டு நிமிஷ வேலை. பார்க்கிறவர்களுக்கும் திருப்தி. ஆனால் பால் ஜாயிண்டின் கம்பு கூம்பு வடிவம். அது போய் உட்காருகிற ஓட்டையும் கூம்பு. இரண்டும் ஒன்றோடொன்று கவ்வினால்தான் பலம். நட்டு தளர்ந்து இவ்வளவு தூரம் குதித்துக்கொண்டு வந்ததில் கம்பு ஆடி ஆடி ஓட்டையை அகட்டியிருந்தால், மேலே எவ்வளவு இறுக்கினாலும் பிரயோஜனம் இல்லை. அந்தப் பின் நட்டைத்தான் பிடிக்கும், உள்ளே இருக்கிற ஆட்டத்தைப் பிடிக்காது. உள்ளே படுத்திருக்கிற பெண்ணோடு வண்டி பாலத்தின் மேல் போகும்போது அது தன் வேலையைக் காட்டும். கழற்றிப் பார்க்காமல் அது எனக்குத் தெரியாது. தெரியாமல் 'போகலாம்' என்று சொன்னால், காலையில் செய்த அதே தப்பை மத்தியானம் தெரிந்தே செய்கிறேன் என்று அர்த்தம்.

"களட்டிப் பாக்கணும் பாய். சுத்தியக் குடு" என்றேன்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். எதிர்த்துப் பேசாமல் அவர் இருந்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான். ஆளுக்கொரு சுத்தியலாக இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டினோம். ஜாயிண்ட் கீழே விழுந்தது. ஓட்டையையும் கம்பையும் வேட்டி முனையால் துடைத்தேன். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. கண்ணை நம்புகிற நேரமா அது? இந்த மாதிரி இடத்தில் கம்பில் மெல்லிசாகச் சாயம் தடவி, ஓட்டையில் அழுத்தித் திருகி எடுத்தால், எங்கே உரசுகிறது எங்கே உரசவில்லை என்று சாயம் சொல்லிவிடும். அந்த நீலச் சாயம் பட்டறை அலமாரியில் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் நாலைந்து மைல்.

கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தேன். அதன் தலையில் பொட்டு. பையைக் கவிழ்த்தேன். ஸ்பேனர், குறடு, ரெஞ்ச், எல்லாவற்றின் நெற்றியிலும் குங்குமம். விரலால் வழித்து, அச்சிலிருந்து கசிந்த எண்ணெயில் குழைத்து, கம்பின் மேல் மெல்லிசாகப் பூசினேன். ஓட்டைக்குள் தள்ளி, அழுத்தி, ஒரு திருகு திருகி, வெளியே இழுத்தேன். பாய் வெளிச்சம் விழுகிற மாதிரி நகர்ந்துகொண்டார்.

ஓட்டையின் சுவரில் மேலிருந்து கீழே வரை, சுற்றிலும், ஒரு இடம் விடாமல் சிவப்பு. ஓட்டை அகலவில்லை.

"சுபானல்லா" என்றார் பாய். எங்கள் போட்டியில் அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான். அதற்கப்புறம் வந்த வருஷங்களில் அதை இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார்.

துடைத்து, மாட்டி, முழு பலத்தோடு இறுக்கினேன். நட்டின் பள்ளமும் கம்பின் துளையும் ஒரு மயிரிழை சேரவில்லை. பின்னால் தளர்த்திச் சேர்ப்பவன் மெக்கானிக் இல்லை. இன்னும் முன்னால் இழுத்துச் சேர்த்தேன். பின்னைச் செருகி, இரண்டு காலையும் மடக்கி, விரலால் அழுத்திப் பார்த்தேன். பாயை ஸ்டியரிங்கை அசைக்கச் சொல்லி, கையை வைத்துப் பார்த்தேன். ஜாயிண்ட் ஒன்றும் பேசவில்லை.

வெளியே வந்தபோது அந்தப் பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடுகிற தெம்புகூட இல்லை. டாக்டரம்மா என் எதிரே வந்து நின்றார்.

"போலாமா, போகக் கூடாதா? அதை மட்டும் சொல்லு."

எத்தனையோ வண்டிக்கு எத்தனையோ பேரிடம் 'போகலாம்' என்று சொல்லியிருக்கிறேன். அது என்ன வார்த்தை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும். நினைப்பு இல்லை, நம்பிக்கை இல்லை, தெரியும்.

"போலாம்மா. நானும் கூட வரேன்."

முன்சீட்டில் உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டி முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மணலில் நாலு சக்கரமும் உறுமி இழுத்தன. ரோடு ஏறினோம். பாய் அங்கே இறங்கி ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். பாலம் வந்தது. ஸ்டியரிங் சொன்னதைச் சக்கரம் கேட்டது. பாலம் தாண்டினோம்.

"தலைய உள்ள எடு ஏழுமலை" என்றார் டாக்டரம்மா, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஒரு நாளைக்கு எனக்கு ஒரு பேஷண்ட் போதும்."

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் புருஷனும் நானும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பாய் உள்ளே போய் முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று மணி சுமாருக்கு ஆயா வந்து, ஆண் குழந்தை, இரண்டு உயிரும் நலம் என்றாள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அழுதான். நானும் அழுதேன். தப்பு என்னுடையது என்று அவனுக்குத் தெரியும், நான் டாக்டரம்மாவிடம் சொன்னதை அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இருந்தும் பிடித்தான்.

பின்னை மறக்காதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. மறப்பீர்கள். ஒரு விசேஷம், ஒரு சத்தம், ஒரு டெலிபோன் போதும், கையில் இருக்கிற வேலை தலையிலிருந்து போய்விடும். அந்த வாய்ப் பொரியை மெல்லுகிற நேரம் வரும் பாருங்கள், அப்போது நீங்கள் யார் என்பதுதான் கேள்வி. நான் துப்பினேன். முப்பத்தைந்து வருஷத்தில் நான் செய்த நல்ல வேலைகளில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

மறுநாள் விஜயதசமி. முதலாளி விடியற்காலையிலேயே வந்து, கருவிகளை மறுபடி அடுக்கி, மறுபடி பொட்டு வைத்து, முதலிலிருந்து பூஜை செய்தார். ஃபோர்மேன் என்னைப் பார்த்த பார்வையில், பட்டறைக்கு இனி என்ன கெட்டது நடந்தாலும் அது என் கணக்கு என்று இருந்தது. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு டாக்டரம்மாவின் ஜீப் உள்ளே வந்தது. வாடிய மாலை இன்னும் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி ஓடிப்போய்க் கையைக் கூப்பினார்.

"அம்மா, மன்னிச்சிரணும். இனிமே ஒங்க வண்டிய எங்க ஃபோர்மேனே பாப்பாரு. இவன் கை வைக்க மாட்டான்."

ஃபோர்மேன் முன்னால் வந்து நின்றார். டாக்டரம்மா இறங்கி, ஷூவிலிருந்த மணலை உதறினார். எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார்.

"வேண்டாம். மத்தவா எல்லாரும் இனிமேதான் மறக்கணும்" என்றார். "ஏழுமலை மறந்து முடிச்சாச்சு."

சொல்லிவிட்டு, சாவியை என் கையில் போட்டார்.